செலஸ்தின் ஃபிரெனேயும் பள்ளி இதழும்

பள்ளி இதழ் என்பது மாணவர்கள் தாங்களே எழுதி, தாங்களே அச்சிட்டு, தம் குடும்பங்களுக்கும் பிற பள்ளிகளுக்கும் வழங்கும் இதழாகும். வகுப்பறைச் செய்தியைப் பெற்றோருக்குத் தெரிவிப்பது நெடுங்காலமாக ஆசிரியரின் வேலையாகவே இருந்தது. மதிப்பெண் பட்டியலும் நடத்தைக் குறிப்பும் அதற்குப் பயன்பட்டன. அப்பொறுப்பைக் குழந்தைகளிடம் ஒப்படைத்து, அதை ஒரு கல்வி முறையாகவே வளர்த்தவர் பிரான்சு நாட்டின் தொடக்கப் பள்ளி ஆசிரியர் செலஸ்தின் ஃபிரெனே (1896–1966).

பின்னணி

ஃபிரெனே தென்கிழக்குப் பிரான்சில் கார்ஸ் என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் 1917ஆம் ஆண்டு நுரையீரலில் பலத்த காயமடைந்தார். 1920இல் பார் சூர் லூ என்ற சிற்றூரின் பள்ளியில் ஆசிரியரானார். நெடுநேரம் உரத்துப் பேசிப் பாடம் நடத்த அவரது உடல் இடம் தரவில்லை. பாடநூலைத் திருப்பிச் சொல்வதில் மாணவர்களுக்கும் ஆர்வமில்லை. எனவே அவர் மாணவர்களை வயல்வெளிக்கும் ஊர்க் கைவினைஞர்களின் பட்டறைகளுக்கும் அழைத்துச் சென்றார். திரும்பி வந்ததும் கண்டதையும் கேட்டதையும் அவர்கள் கரும்பலகையில் எழுதினர். உயிரோட்டமான அவ்வெழுத்து மாலையில் அழிந்துபோவதே அவருக்குக் குறையாகத் தோன்றியது.

வகுப்பறையில் அச்சுக்கூடம்

1924இல் ஃபிரெனே சிறிய கையச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார். மாணவர்கள் தாம் விரும்பிய பொருளில் எழுதியவற்றை வகுப்பில் படித்துக் காட்டுவர். அவற்றுள் ஒன்றை வகுப்பே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். அதன் பிழைகளை எல்லாரும் சேர்ந்து திருத்துவர். பின்னர் சிறு குழுக்களாக ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடுவர். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் எடுத்து அடுக்க வேண்டியிருந்ததால் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. சொல்லின் அமைப்பும் மனத்தில் பதிந்தது.

அச்சான தாள்கள் மாணவரின் தொகுப்பில் சேர்ந்தன. இதழாகக் கட்டப்பட்டு வீடுகளுக்கும் சென்றன. உழவரும் தொழிலாளரும் தம் ஊரையும் தம் வேலையையும் பிள்ளைகளின் சொற்களில் அச்சாகக் கண்டனர். பள்ளியில் கற்பது என்ன என்பதை அவர்கள் ஆசிரியரிடம் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

பள்ளிகளுக்கிடையே கடிதப் போக்குவரத்து

1926இல் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனிக் கடற்கரைப் பகுதியிலிருந்த ரெனே தனியேல் என்ற ஆசிரியரின் வகுப்புடன் முறையான பரிமாற்றம் தொடங்கியது. தென்பகுதிப் பிள்ளைகள் மலைவாழ்வை எழுத, பிரிட்டனிப் பிள்ளைகள் கடலோர வாழ்வை எழுதி அனுப்பினர். அச்சுத் தாள்களுடன் உள்ளூர்ப் பொருட்கள் அடங்கிய பொதிகளும் சென்று வந்தன. நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலெழுத, பிள்ளைகள் வீட்டாரையும் ஊர்ப் பெரியவர்களையும் விசாரித்தனர். இவ்வாறு குடும்பத்தின் அறிவும் பாடப்பொருளாயிற்று. பல பள்ளிகளின் எழுத்துகளைத் தொகுத்து ‘லா ஜெர்ப்’ என்ற சிறுவர் இதழும் வெளிவந்தது.

சேன் போல் விவகாரம்

1928இல் ஃபிரெனே சேன் போல் என்ற ஊருக்கு மாறினார். பள்ளிக் கட்டடத்தின் மோசமான நிலை குறித்து அவர் முறையிட்டதால் ஊர் நிர்வாகத்துடன் பூசல் மூண்டது. இந்நிலையில் மாணவர் ஒருவர் தாம் கண்ட கனவை எழுதினார். இலவசப் பள்ளிப் பொருட்களைத் தர மறுத்த மேயருக்கு எதிராக வகுப்பே கிளர்ந்தெழுவதும், சண்டையில் மேயர் கொல்லப்படுவதும் அக்கனவு. அது வகுப்பில் அச்சாயிற்று.

1932 டிசம்பரில் அந்த எழுத்தை எடுத்துக்காட்டி, ஆசிரியர் பிள்ளைகளைக் கெடுப்பதாகக் குற்றஞ்சாட்டும் சுவரொட்டிகள் ஊரில் ஒட்டப்பட்டன. ஷார்ல் மோராசின் வலதுசாரி நாளிதழ் ‘அக்சியோன் பிரான்சேஸ்’ உள்ளிட்ட ஏடுகள் இதை நாடறிந்த விவகாரமாக்கின. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தனர்: ஒரு சாரார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர், மற்றொரு சாரார் ஆசிரியர் பக்கம் நின்றனர். 1933 ஏப்ரலில் எதிர்ப்பாளர்கள் பள்ளி முன் திரண்டனர். அதே ஆண்டு ஃபிரெனே அப்பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. 1935இல் அருகிலுள்ள வான்ஸில் தம் மனைவி எலீசுடன் தனியார் பள்ளி ஒன்றைத் திறந்தார்.

வரலாற்று முக்கியத்துவம்

மதிப்பெண் பட்டியலில் பள்ளி தான் சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லும். குழந்தைகளின் இதழில் ஊரின் வறுமையும் பெரியவர்களின் பூசலும் கனவாகக்கூட வெளிப்படும். பெற்றோரைப் பள்ளியுடன் நெருக்கமாக்கிய அந்த வெளிப்படைத்தன்மையே பள்ளியைத் தாக்குதலுக்கும் உள்ளாக்கியது. ஆயினும் ஃபிரெனே இதழைக் கைவிடவில்லை. ஆசிரியர் மட்டுமே எழுதும் அறிக்கையாக அதை மாற்றவும் இல்லை.

1947இல் ஃபிரெனே வழி ஆசிரியர்களின் கூட்டுறவு நிறுவனமும், 1957இல் அவ்வியக்கத்தின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் அமைந்தன. வான்ஸ் பள்ளி 1991இல் பிரெஞ்சு அரசின் உடைமையாயிற்று. ஈய எழுத்துகளின் இடத்தைக் கணினி பிடித்துவிட்ட போதிலும், வீட்டுக்குச் செல்லும் வகுப்பறைச் செய்தியை யார் எழுதுவது என்ற ஃபிரெனேயின் கேள்வி இன்றைய பள்ளிகளுக்கும் பொருந்தும்.