ஒரே பெயர், வெவ்வேறு தட்டுகள்: இசைத்தட்டிலும் பாடவேறுபாடு

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சான்றோர் ஒரே ஏட்டுச்சுவடியை நம்பி அமையவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன் உ.வே.சாமிநாதையர் பல இடங்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். சுவடிக்குச் சுவடி சொல் மாறுவதைப் பாடவேறுபாடு என்கிறோம். இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் செய்யும் பணியும் இத்தகையதே என்பதை ஓர் எடுத்துக்காட்டின்வழி இங்குக் காண்போம்.

பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்னும் இசைத்தட்டு 1967ஆம் ஆண்டு மே இறுதியில் பிரிட்டனிலும், ஜூன் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. பாடல்கள் 13. பீட்டர் பிளேக், ஜேன் ஹாவர்த் ஆகிய ஓவியர்கள் அமைத்த மேலுறை புத்தகம்போல் விரியக்கூடியது. அதன் பின்பக்கத்தில் பாடல் வரிகள் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. உள்ளே வெட்டி விளையாடும் படஅட்டை ஒன்றும் இருந்தது. மேலுறைக்கெனத் திரட்டிய உருவங்களுள் காந்தியடிகளின் உருவமும் ஒன்று. இந்தியாவில் மனக்கசப்பு எழும் என அஞ்சிய இ.எம்.ஐ. நிறுவனம் அதை நீக்கச் செய்தது. தட்டு விற்பனைக்கு வருமுன்பே, தொலைவிலிருந்த ஒரு சந்தை அதன் முகத்தை மாற்றிவிட்டது.

நாடுகள்தோறும் வேறுபாடுகள் தொடர்ந்தன. பிரிட்டனில் பார்லஃபோன் முத்திரையுடன் வந்த தட்டின் கடைசிப் பாடல் முடிந்தபின் மிகக் கூர்மையான ஓர் ஒலியும், ஊசியை எடுக்கும்வரை சுழன்று ஒலிக்கும் பொருளற்ற பேச்சொலியும் இருந்தன. அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட தட்டில் இவை இல்லை.

நம் வட்டாரத்தில் வேறுபாடு இன்னும் ஆழமானது. மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் சந்தைகளுக்கென வந்த பதிப்பொன்றில், போதைப்பொருளைக் குறிப்பதாக ஐயுறப்பட்ட ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’, ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’, ‘எ டே இன் த லைஃப்’ ஆகிய மூன்றும் விலக்கப்பட்டன. ‘த ஃபூல் ஆன் த ஹில்’, ‘பேபி, யூ ஆர் எ ரிச் மேன்’, ‘ஐ ஆம் த வால்ரஸ்’ ஆகியவை அவற்றின் இடத்தைப் பெற்றன. இதனைக் கீழைநாடுகளின் கெடுபிடி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ‘எ டே இன் த லைஃப்’ பாடலை ஒலிபரப்ப பிபிசியும் 1967 மே மாதத்தில் மறுத்திருந்தது.

இப்பதிப்பின் காலத்தை அறிய அகச்சான்று உண்டு. புதிதாகச் சேர்ந்த பாடல்களுள் ‘வால்ரஸ்’ 1967 செப்டம்பரில்தான் ஒலிப்பதிவுக்கே வந்தது. ஆகவே இத்தட்டு லண்டன் வெளியீட்டுடன் ஒருங்கே பிறந்ததாக இருக்க இயலாது. பிரிட்டிஷ் தட்டுகளில் புறச்சான்றும் கிடைக்கும். பெயர்ச்சீட்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் எண்களும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். கிராமபோன் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த 10 எழுத்துகளை 10 இலக்கங்களாகக் கொண்டு, எந்த அச்சுத்தகட்டால் தட்டு வார்க்கப்பட்டது என்பதைக் குறித்தனர்.

மூலத்திலிருந்து விலகிய உள்ளூர்த் தட்டைக் குறையுடையது என ஒதுக்குவோர் உளர். நல்லிசையை மட்டும் நாடுவோர்க்கு அது சரியாகலாம். வரலாற்று மாணவர்க்கு ஆகாது. அன்று இங்கு அத்தட்டை வாங்கிய இளைஞர் கேட்ட படைப்பு, லண்டன் இளைஞர் கேட்டதன்று. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று அவர்களுக்காக வேறொருவர் முடிவு செய்தார். அம்முடிவுக்குக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று அத்தட்டும் அதன் உறையுமே.

ஆதலால் மாணவர்கள் தம் வீட்டுப் பழைய தட்டுகளை உறையிலிருந்து பிரித்துவிடாமல் காக்க வேண்டும். பாடல் வரிசையையும் பொறிப்பெழுத்துகளையும் படியெடுக்க வேண்டும். வாங்கியவர் உயிரோடிருக்கும்போதே எங்கு, எப்போது வாங்கினார் எனக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஏடுகள் செல்லரித்தபின் வருந்திய சமூகம் நாம். தட்டுகளின் திறத்திலும் அப்பிழையைச் செய்யலாகாது.