ஜீப்: ஓட்டியவர்கள் சூட்டிய பெயர்

'ஜெனரல் பர்ப்பஸ்' என்ற இரு சொற்களின் முதலெழுத்துகள் ஜி, பி. அதைச் சேர்த்து வேகமாகச் சொன்னால் ஜீப். பழைய வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த விளக்கத்தைத் தயங்காமல் சொல்வார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. காலவரிசையில் வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை.

அமெரிக்கத் தரைப்படையின் தாள்களில் அது 'கால் டன் டிரக்'. பொதுப்பயன் என்ற பேச்சே அதில் இல்லை. ஃபோர்டு நிறுவனம் தன் மாதிரிக்கு ஜிபி என்று குறியீடு வைத்தது உண்மை. ஆனால் அங்கே ஜி என்றால் அரசாங்க வேலை. பி என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட வண்டிக்கு ஃபோர்டு ஒதுக்கியிருந்த எழுத்து. அந்தக் குறியீடு சொல்லைப் பரப்ப உதவியிருக்கலாம். பெற்றெடுக்கவில்லை, ஏனென்றால் சொல் அதற்கு முன்பே நாவில் இருந்தது.

1936இல் இ. சி. சீகர் தன் பாப்பை படக்கதைக்குள் ஒரு விசித்திரப் பிராணியைக் கொண்டுவந்தார். பெயர் யூஜீன் தி ஜீப். ஆர்க்கிட் பூவைத் தின்னும், ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும், 'ஜீப்' என்று மட்டும் குரல் கொடுக்கும். ராணுவப் பாசறைகளில் புதிதாகச் சேர்ந்த பையன்களையும், சோதனைக்கு வந்த புது வண்டிகளையும் ஜீப் என்று அழைக்கும் வழக்கமும் இருந்தது. 1940இல் மினியாபோலிஸ்-மோலைன் நிறுவனத்தின் டிராக்டரை மாற்றிச் செய்த ராணுவ இழுவை வண்டிக்கும் இதே பெயர். ஆக, சொல் முந்தியது. நாம் இன்று ஜீப் என்கிற வண்டி பிந்தியது.

அந்த வண்டி பிறந்த விதத்தைச் சொல்லாமல் சொல்லின் கதை நிறைவாகாது. 1940 கோடையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. எடை குறைவான, நான்கு சக்கரங்களும் உந்தும் உளவு வண்டி வேண்டும். முதல் மாதிரி 49 நாளில் வந்துசேர வேண்டும். அந்தக் கெடுவை ஏற்றது பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் நொடித்துக் கிடந்த பேன்டம் என்ற சின்ன நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களில் வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாமுக்கு மாதிரி வண்டியை ஓட்டியே கொண்டுபோனார்கள். அந்த வடிவமைப்பை ராணுவம் வில்லிஸ் என்ற நிறுவனத்துக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அவ்விருவரும் 6 லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். பேன்டம் கட்டியது மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அவர்களுக்குக் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்யும் வேலை. இந்த அநியாயம் இத்தனை ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் மனத்தை உறுத்துகிறது.

பெயரிலும் அதே கதை. 1941 தொடக்கத்தில் வில்லிஸ் நிறுவன ஓட்டுநர் ஒருவர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடப் படிகளில் வண்டியை ஏற்றிக் காட்டினார். அந்தச் செய்தியின் வழியாகத்தான் பாசறைப் பேச்சு பத்திரிகைச் சொல்லானது. வண்டியை உருவாக்கியது தாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்தபோது, அமெரிக்க வணிக ஆணையம் வழக்கெடுத்து, 1948இல் அந்த உரிமைகோரல் தவறு என்று தீர்த்தது. ஆனாலும் 1950இல் 'ஜீப்' வில்லிஸின் பதிவு பெற்ற வணிகப்பெயர் ஆனது. சிப்பாய்கள் வைத்த பெயருக்கு நிறுவனம் பட்டா வாங்கிக்கொண்டது என்றே சொல்வேன்.

படக்கதைப் பிராணியின் பெயர் இந்த வண்டிக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது? நினைத்த இடத்தில் தோன்றும் அந்தப் பிராணியைப் போல இதுவும் எங்கும் போய்விடுவதால் இருக்கலாம். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பிகளைப் பிடித்துப் பார்த்தவருக்குப் புரியும். ஒன்றைத் தள்ளினால் முன் அச்சுக்கும் விசை போகிறது. மற்றொன்றைத் தாழ்ந்த விகிதத்துக்கு மாற்றினால் வேகம் பாதியாகி, இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. சேற்றில் பின்சக்கரம் வெறுமனே சுழலும் நேரத்தில் முன்சக்கரம் பிடித்து இழுக்கும். ஆனால் தார்ச்சாலைக்கு வந்ததும் முன் அச்சை விடுவித்துவிட வேண்டும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடும். இடையில் அந்த வித்தியாசத்தைத் தாங்கும் டிஃபரென்ஷியல் இந்த வண்டிகளில் கிடையாது. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமல் அச்சுகள் முறுக்கிக்கொண்டு ஸ்டீயரிங் கனக்கும். கம்பி வெளியே வர மறுக்கும். பழைய ஜீப் ஓட்டுவது என்பது பெரும்பாலும் எந்தத் தரையில் எந்தக் கம்பி என்று அறிவதுதான்.

போருக்குப் பின் சொல் நாடு நாடாகப் போய் உருமாறியது. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற வண்டிகளை நீட்டி, கூரை போட்டு, எதிரெதிர் பெஞ்சு வைத்து 'ஜீப்னி' ஆக்கினார்கள். ஐந்து சென்ட் கட்டணத்தில் ஆளேற்றும் வண்டிக்கு அமெரிக்காவில் வழங்கிய ஜிட்னி என்ற சொல் அதன் வாலில் ஒட்டியிருக்கிறது. ஜப்பானில் டொயோட்டா 1951இல் செய்தது 'டொயோட்டா ஜீப்'. வணிகப்பெயர்ச் சிக்கலால் 1954இல் அது லேண்ட் குரூசர் ஆயிற்று.

இந்தியாவுக்கு வந்தது மஹிந்திரா சகோதரர்கள் வழியாக. 1945இல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் மொஹம்மத். பங்காளி குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். இங்கே மிஞ்சிய நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. முதலெழுத்துகளால் பெயர் கட்டிய வண்டி உண்மையிலேயே வேண்டுமென்றால் அதற்கும் இந்திய ராணுவத்தில் ஒன்று இருந்தது: ஜபல்பூரில் நிசான் பேட்ரோல் வடிவில் செய்த 'ஜோங்கா'. ஊர்ப்பெயரையும் ஆலையின் ஆங்கிலப் பெயரையும் சுருக்கிய சொல் அது. ஜீப்பைப் பற்றிச் சொல்லப்படுவது ஜோங்காவுக்குத்தான் பொருந்தும்.

தமிழில் ஜீப் சட்டென்று குடியேறிவிட்டது. பேச்சில் 'ஜீப்பு', உருபு சேர்ந்தால் 'ஜீப்புல', எழுத்தில் 'ஜீப்பில்': வல்லினம் இரட்டித்து, உகரம் பெற்று, நம் சொற்களின் நடையிலேயே நடக்கிறது. பஸ்ஸுக்குப் பேருந்து கிடைத்தது. ஜீப்புக்கு அப்படி ஒன்று நிலைக்கவில்லை. கிரந்த எழுத்தைத் தவிர்த்தால் 'சீப்பு' ஆகித் தலைவாரப் போய்விடும். பொருளும் நகர்ந்தது. காவல் நிலையத்தில் நிற்பது பொலேரோ ஆனாலும் 'போலீஸ் ஜீப்'தான். மஹிந்திராவின் கமாண்டர், மேஜர் போன்றவற்றில் பல, பின்சக்கரம் மட்டுமே உந்துபவை, அவையும் ஜீப்பே. நான்கு சக்கரமும் உந்துமா என்று அறிய 'ஃபோர் பை ஃபோரா?' என்று இப்போது தனியே கேட்க வேண்டியிருக்கிறது. சொல்லுக்குள் இருந்த அச்சு கழன்று, முகப்பும் துணிக்கூரையும் எதிரெதிர் பெஞ்சும் மிஞ்சின.

சட்டம் இந்த வடிவத்தையும் துரத்தியது. மஹிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்ஸர் வண்டி ஜீப்பின் தோற்ற உரிமையை மீறுகிறது என்று 2020இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்து, மஹிந்திரா முகப்பை மாற்ற நேர்ந்தது. இதற்கிடையே ஜீப் என்ற வணிகப்பெயர் 2016இல் நேரடியாகவே இந்தியாவுக்கு வந்தது. மறுஆண்டு அப்பெயரில் வந்த காம்பஸ் வண்டியில் முன்சக்கரம் மட்டும் உந்தும் வகைகளும் உண்டு.

தேனி மாவட்டத்தில் விடியும் முன்பே போடி, கம்பம் பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகளின் பதிவுப் புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயர் பெரும்பாலும் மஹிந்திரா என்றிருக்கும். ஏறுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. 'ஜீப்பு வந்துருச்சு' என்று குரல் கொடுத்துவிட்டுத் தூக்குச்சட்டியோடு ஏறி உட்காருகிறார்கள்.