அஞ்சடியில் ஒரு கலை உலா: ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களின் சுவர்கள்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்குத் தீவில் நிறுவிய ஜார்ஜ் டவுன் நகரம், கடைகளின் சுவர்களில் உள்ள ஓவியங்களையும் இரும்புக் கம்பிச் சித்திரங்களையும் தெருத் தெருவாக நடந்து பார்க்கும் கலை உலாவுக்காக இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. இதைச் சுற்றுலாத் துறையின் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் கொள்வோர் உண்டு. ஆனால், அச்சுவர்களில் படங்கள் ஏறத் தொடங்கிய காலமும் அவற்றின் உள்ளே நடந்துவந்த பழந்தொழில்கள் வெளியேறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பதைக் கணக்கில் கொள்ளாமல் இந்த உலாவின் வரலாற்றை எழுத இயலாது.

அந்நகரின் அடிப்படை அலகு கடைவீடு ஆகும். தெருவை நோக்கிய குறுகிய முகப்பும் பின்னோக்கி நீளும் உடலும் கொண்ட அக்கட்டடத்தில் கீழே வணிகமும் மேலே குடும்பமும் இருந்தன. முகப்பில், மேல்மாடி நிழல் தர, கடைக்குக் கடை தொடர்ந்து செல்லும் மூடுநடை அமைந்திருந்தது. சிங்கப்பூருக்காக ராஃபிள்ஸ் 1822-இல் வகுத்த நகர விதிகளில் இடம்பெற்றுப் பின்னர் நீரிணைக் குடியேற்றங்கள் முழுவதும் பரவிய இந்த ஐந்தடி நடையை மலாய் மொழியினர் காக்கி லீமா என்றும் தமிழர் அஞ்சடி என்றும் வழங்கினர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடமாக விதிக்கப்பட்ட அஞ்சடி நாளடைவில் தொழிற்கூடமாகவே மாறியது. பெயர்ப்பலகையில் சீன எழுத்துகளைச் செதுக்கிப் பொன்தாள் ஒட்டுபவர், சந்தனத்தூளைப் பிசைந்து ஊதுபத்தி உருட்டுபவர், பிரம்பு முடைபவர், சொங்கோக் எனும் மலாய்த் தொப்பியைத் தைத்த தமிழ் முஸ்லிம் கைவினைஞர் ஆகியோர் தெருவைப் பார்த்து உட்கார்ந்தே வேலை செய்தனர். கலை உலா என்ற சொல் வழக்குக்கு வருவதற்கு முன்பே அத்தெருக்களில் நடப்பது கைவேலையைப் பார்த்துக்கொண்டு நடப்பதாகத்தான் இருந்தது.

இத்தெருக்களில் தமிழர் பங்கு சிறிதன்று. சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரைக் குறித்த சூலியா என்னும் பெயர் ஒரு நெடுந்தெருவுக்கே நிலைத்தது. அவர்கள் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அதன் அருகில் நிற்கிறது. ஆங்கிலேயர் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றதைத் தமிழர் கடைத்தெரு என்றே அழைத்தனர். பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது பல வட்டிக்கடைக்காரர்கள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி வைத்துத் தரையில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தி, அங்கேயே உண்டு உறங்கிய இடமாகும்.

கடைவீடும் அஞ்சடித் தொழில்களும் சேர்ந்த இவ்வமைப்பை நெடுங்காலம் கட்டிக் காத்தது கலையார்வம் அன்று, வாடகைச் சட்டமே. 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் தடுத்த 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டவோ செலவழித்துச் செப்பனிடவோ உரிமையாளருக்கு ஆர்வம் இல்லாமல் போயிற்று. ஆகவே சுவர்கள் பழுதடைந்தன. ஆனால் பத்தி உருட்டுபவரும் பிரம்பு முடைபவரும் நகரின் நடுவிலேயே பிழைக்க முடிந்தது. தடையற்ற துறைமுகம் என்ற தகுதியை 1969-இல் நகரம் இழந்தபின் வணிகம் தளர்ந்தபோதும் குறைந்த வாடகை அவர்களைத் தாங்கியது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்சட்டம் நீங்கியதும் வாடகைகள் ஏற, குடும்பங்களும் சிறுதொழில்களும் வெளியேறத் தொடங்கின. காலியான கடைவீடுகள் சிலவற்றில், உண்ணத்தகும் கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தனர் என்பது அக்காலத்தின் நிலையைக் காட்டப் போதுமானது.

கலை இத்தெருக்களுக்குள் முதலில் வந்தது ஓவியமாக அன்று, விசாரிப்பாகவே வந்தது. நாடகக் கல்வியாளர் ஜேனட் பிள்ளை முன்னின்று நடத்திய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு, 2000-ஆம் ஆண்டையொட்டி ‘அனாக்-அனாக் கோத்தா’, அதாவது நகரத்துப் பிள்ளைகள், என்ற திட்டத்தின் வழியே சிறுவர்களைக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் அழைத்துச் சென்று, அங்குள்ளோரிடம் தொழிலைக் கேட்டறிந்து, அதை நாடகமாகவும் கண்காட்சியாகவும் அத்தெருக்காரர்களுக்கே திருப்பிக் காட்டச் செய்தது. பின்னர் நடந்தவை இதைவிடப் பலமடங்கு புகழ் பெற்றன எனினும், கடைக்காரரைப் பார்வையாளராகவும் ஆசிரியராகவும் ஒருசேர நடத்திய முயற்சி இதுவே.

2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியபோது, 259 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு பாதுகாப்புக்குள் வந்தது. அடுத்த ஆண்டு, தெருக்களை அடையாளப்படுத்தும் பொதுக்கலைக்காக மாநில அரசு நடத்திய போட்டியில் ‘ஸ்கல்ப்சர் அட் வர்க்’ என்ற நிறுவனம் வென்றது. இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரக் கோடுகளாக்கிச் சுவரில் பொருத்திய அந்நிறுவனத்தின் 52 படைப்புகளும் தத்தம் தெருவின் கதையைச் சொல்கின்றன. புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தை ஒன்று சுட்டுகிறது. 1867-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பீரங்கிக் குண்டை ஒன்று கெனன் தெருவில் நினைவூட்டுகிறது. லவ் லேனில், மனைவிக்கு அகப்படாமல் மாடிச் சன்னல் வழியே இறங்கி ஓடும் கணவன் தொங்குகிறான். இடம் மாற்றினால் இவை பொருளிழந்துவிடும் என்பதே இவற்றின் பெருமை.

2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சாக்கரெவிச் வரைந்த ஓவியங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஆர்மீனியன் தெருச் சுவரில் உண்மையான பழைய மிதிவண்டி ஒன்றைப் பதித்து அதன்மேல் இரு குழந்தைகளை வரைந்ததும், ஆ குவீ தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்றின்மேல் சிறுவனை அமர்த்தியதும் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றன. பொருளும் படமும் கலந்திருந்ததால் வந்தவர்களும் பின்னால் ஏறி உட்கார்ந்து படத்துக்குள் நுழைய முடிந்தது. ஒளிப்படத்துக்கான வரிசையும் அங்கிருந்தே பிறந்தது. தெருவிலங்குகளின் நலனுக்காக 2013-இல் வரையப்பட்ட பூனைச் சித்திரங்கள் உலாவின் வழித்தடத்தை மேலும் நீட்டின. அதே ஆண்டு ஜொகூர் பாருவில் சாக்கரெவிச் வரைந்த வழிப்பறிக் காட்சியை அந்நகர மன்றம் வெள்ளையடித்து மறைத்துவிட்டது. மறைந்துபோன இளமையை வரைந்தால் சுவர் கிடைக்கிறது, இன்றைய அச்சத்தை வரைந்தால் கிடைப்பதில்லை போலும்.

இவ்வோவியங்கள் அழகியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மிதிவண்டிக் குழந்தைகளை எந்தத் தெருவிலும் வரைந்திருக்கலாம். கம்பிச் சித்திரங்களைப் போல அவை குறிப்பிட்ட ஒரு கடையையோ தொழிலையோ சார்ந்து நிற்கவில்லை. அதனால் அவற்றைப் பார்க்க வந்தவர்களுக்காகத் திறக்கப்பட்ட காப்பிக் கடைகளும் குளிர்பெட்டிக் காந்தப் படங்களையும் சட்டைகளையும் விற்கும் நினைவுப்பொருள் கடைகளும் தெருவின் முகத்தை மாற்றியபோது, ஓவியங்கள் அந்த மாற்றத்தோடு சிறிதும் முரண்படவில்லை.

கட்டட வல்லுநர் வேறொரு சிக்கலைக் கூறுவர். கடைவீட்டின் செங்கல் சுவர் சுண்ணச்சாந்து பூசப்பட்டது. நிலத்தடி ஈரம் அதன் வழியாக மேலேறி வெளியே ஆவியாகும். மூச்சுவிடும் அச்சுவரின்மேல் ஈரத்தை அடைக்கும் இக்காலச் சாயத்தைப் பூசினால் உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் சாந்தைப் பெயர்த்துத் தள்ளுகின்றன. இதனோடு வெயிலும் பருவமழையும் தொடும் கைகளும் சேர, சாக்கரெவிச்சின் ஓவியங்கள் சில ஆண்டுகளிலேயே மங்கத் தொடங்கின. அத்தகைய சுவர்களில் நிறம் உதிரும் வேகத்தில் இரும்பு உதிர்வதில்லை.