ஆடவனுக்கு எழுதிய உரையும் கதைத்தலைவியும்

கதைத்தலைவியரின் வளர்ச்சியை ஆராய்வோர் ஆசிரியனின் கருத்தையே அதற்கு மூலமாகக் கொள்வர். தொலைக்காட்சித் தொடர்களுக்கு இம்முறை முற்றும் பொருந்துவதன்று. நடிகர் ஒருவரின் விலகலும், எழுதிய உரைப்படி வீணாகலாகாது என்னும் சிக்கனமும் ஆங்குக் கதைப்போக்கை மாற்றவல்லன. 1961-இல் இங்கிலாந்தின் ஐ.டி.வி.யில் தொடங்கிய 'அவெஞ்சர்ஸ்' என்னும் உளவுத் தொடர் இதற்குத் தக்க சான்றாகும். (பெயரொப்புமை கண்டு அமெரிக்கப் படக்கதை வீரர்களை இதனோடு மயங்குதல் வேண்டா.)

அத்தொடரின் முதல் தலைவன் டேவிட் கீல் என்னும் மருத்துவன். ஸ்டீட் என்னும் ஒற்றன் அவனுக்குத் துணைவன். கீலாக நடித்த இயான் ஹென்ட்ரி முதற்பருவத்தோடு விலகவே, ஸ்டீட் தலைவனானான். 1962-இல் அவனுக்குத் துணையாக வந்தவள் கேத்தி கேல். கணவனை இழந்தவள், மானிடவியல் வல்லவள், ஜூடோ பயின்றவள். ஹானர் பிளாக்மன் அம்மையார் நடித்த இப்பாத்திரத்தின் தொடக்கக்கால உரைப்படிகளுட் சில, ஆடவத் துணைவனுக்கென எழுதப்பட்டவை.

இச்செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. பெண்ணுக்கென்றே எழுதியிருப்பின், அக்காலக் கதைமரபு அவளை அலறவும் தலைவனால் மீட்கப்படவும் வைத்திருக்கும். ஆடவனுக்கு எழுதிய உரையில் அலறலுக்கு இடம் ஏது? எனவே கேத்தி தலைவனை மறுத்துப் பேசினாள். அவன் சூழ்ச்சியை இடித்துரைத்தாள். தானே கைகலந்து வென்றாள். அவள் அணிந்த தோலாடையின் புகழ் பெரிது. என் கருத்தில் அவள் பேச்சே அதனினும் பெரிது.

1964-இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' திரைப்படத்தின் பொருட்டுப் பிளாக்மன் விலகினார். 1965-இல் டயானா ரிக் அம்மையாரைக் கொண்டு அடுத்த தலைவி படைக்கப்பட்டாள். ஆடவரைக் கவர்தல் என்னும் பொருளுடைய 'மேன் அப்பீல்' என்பதைச் சுருக்கி 'எம் அப்பீல்' என்றாக்கி, அதிலிருந்து 'எம்மா பீல்' என்று பெயரிட்டனர். பெயரின் பிறப்பு இத்தகையதாயினும், அறிவியலும் வாட்போரும் நகைச்சுவையும் அறிந்த அப்பாத்திரம் அதனுள் அடங்கவில்லை. அவளாக நடித்தவரோ படப்பிடிப்பாளரினும் குறைந்த ஊதியம் தமக்குத் தரப்படுவதை அறிந்து, முறையிட்டுப் பின்னரே உயர்வு பெற்றார்.

அவளது விடைபெறல் 1968-இல் ஒளிபரப்பாயிற்று. அமேசான் காட்டில் இறந்தான் என்று கருதப்பட்ட கணவன், விமானியான பீட்டர் பீல், உயிருடன் மீள்கிறான். எம்மா அவனிடம் செல்கிறாள். அவனும் தோற்றத்தில் ஸ்டீடைப் போன்றே காட்டப்படுகிறான். பழைய மரபு இங்குத் தன் கடனை வட்டியோடு திரும்பப் பெற்றுக்கொண்டது எனலாம். படிக்கட்டில் இறங்குகின்றவள், எதிரே ஏறிவரும் புதிய துணைவி தாரா கிங்கிடம், ஸ்டீடின் தேநீரை இடஞ்சுழியாகக் கலக்க வேண்டும் என்று சொல்லிச் செல்கிறாள்.