பார்த்திபன் கனவு (1960): ஒருமுறைக்கு மேல் பார்க்க வேண்டிய வரலாற்றுப் படம்

பார்த்திபன் கனவு, கல்கி எழுதிய அதே பெயருடைய புதினத்தைத் தழுவி 1960-இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ஜூபிலி பிலிம்ஸ் தயாரித்த இப்படத்தை டி. யோகானந்த் இயக்கினார். ஜெமினி கணேசன் சோழ இளவரசன் விக்கிரமனாகவும், வைஜயந்திமாலா பல்லவ இளவரசி குந்தவியாகவும், எஸ். வி. ரங்காராவ் நரசிம்மவர்ம பல்லவராகவும் நடித்தனர். இசை வேதா. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இதே பெயரில் 2003-இல் வந்த சமூகப் படம் வேறு கதையைக் கொண்டது.

புதினத்திலிருந்து படம் வரை

கல்கி இதழில் 1941 முதல் 1943 வரை தொடராக வந்த இப்புதினம், தமிழ் வாசகர்களிடம் வரலாற்றுக் கதைகளுக்குப் பெரும் வரவேற்பைத் தேடித் தந்தது. கல்கி 1954-இல் மறைந்தார். ஆறு ஆண்டுகள் கழித்தே கதை திரைக்கு வந்தது.

படத்துக்கு வசனம் எழுதிய விந்தன் (1916–1975) அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த நாவலூரில் பிறந்தவர். அச்சுக்கோப்பாளராக வாழ்க்கையைத் தொடங்கி, கல்கி இதழின் ஆசிரியர் குழுவுக்கு உயர்ந்து, 'பாலும் பாவையும்' புதினத்தால் புகழ்பெற்றவர். கல்கியிடம் எழுத்துப் பழகியவரே கல்கியின் கதைக்குத் திரைவசனம் எழுதினார்.

கதைச் சுருக்கம்

பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுக்கும் உறையூர் மன்னன் பார்த்திபன் போரில் வீழ்கிறான். சோழநாடு மீண்டும் தலைநிமிர வேண்டும் என்பதே அவன் கனவு. அந்தக் கனவைச் சித்திரங்களாகத் தீட்டி மகன் விக்கிரமனுக்குக் காட்டியிருக்கிறான். போர்க்களத்தில் உயிர் பிரியும் நேரத்தில் ஒரு சிவனடியார் வந்து, மகனை வீரனாக வளர்ப்பதாக வாக்களிக்கிறார்.

வளர்ந்த விக்கிரமன் புலிக்கொடி ஏற்ற முயன்று சிறைப்படுகிறான். கப்பம் கட்டச் சம்மதியாததால் கடல் கடந்த தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். பின்னர் இரத்தின வியாபாரி வேடத்தில் மாமல்லபுரத்தில் வந்து இறங்குகிறான். தாயின் நினைவும், முன்னோரின் வாளும் திருக்குறள் ஏடும், முன்பு ஒருமுறை கண்ட குந்தவியின் முகமும் அவனைத் திரும்ப அழைத்தன. முடிவில் சிவனடியார் வேடம் கலைகிறது. அவர் வேறு யாருமல்ல, பார்த்திபனை வென்ற நரசிம்மவர்மரே.

இரண்டாம் முறை பார்க்கும்போது

முதல்முறை பார்ப்பவர் சிவனடியார் யார் என்ற கேள்வியுடன் கதையைத் தொடர்கிறார். விடை தெரிந்தபின் பார்ப்பவருக்கு அதே காட்சிகள் வேறு பொருள் தருகின்றன. போர்க்களத்தில் வாக்களிப்பவர், அந்தப் போரில் வென்ற பேரரசர். புதினத்தில் சிவனடியார் தம் சடாமுடியை நீக்கிக் காட்ட, பார்த்திபன் வியப்போடு கண்மூடுகிறான். அவன் கண்டது யாரை என்பது வாசகருக்கு அப்போது சொல்லப்படுவதில்லை.

அதுபோலவே, சுதந்திர வேட்கையை ஊட்டுபவரும் அதற்காகவே நாடு கடத்தும் தண்டனை விதிப்பவரும் ஒருவரே. முதல்முறை இது கொடுமையாகத் தோன்றும். மறுமுறை பார்க்கையில், அடிபணிந்து அரியணை பெறுகிறானா, இழந்தாலும் நிமிர்ந்து நிற்கிறானா என்று விக்கிரமனுக்கு வைத்த தேர்வாகத் தெரியும். துறவியின் கனிவும் அரசரின் கண்டிப்பும் ரங்காராவ் ஒருவரிடமே எப்படி அமைந்தன என்பதை நிதானமாகக் கவனிக்கவும் மறுமுறைதான் இடமுண்டு.

கதையும் வரலாறும்

மூன்றாம் முறை பார்ப்பவர் வரலாற்றுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் கற்பனைப் பாத்திரங்கள். முதலாம் நரசிம்மவர்மர் வரலாற்று மன்னர். ஏறத்தாழ கி.பி. 630 முதல் 668 வரை ஆண்டவர். சாளுக்கியரின் வாதாபியை 642-இல் கைப்பற்றியவர். மாமல்லன் என்னும் அவரது பட்டப்பெயரே மாமல்லபுரத்தின் பெயராயிற்று. ஆனால் இன்று அவ்வூரின் அடையாளமாக விளங்கும் கடற்கரைக் கோயில் அவர் காலத்தது அன்று. அது இராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மர் காலத்தது. இப்படம் வந்த இரண்டே ஆண்டுகளில், 1962-இல், இரா. நாகசாமி மாமல்லபுரத்துச் சின்னங்கள் அனைத்துமே இராஜசிம்மன் படைப்பு என்று வாதிட்டார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. விவாதம் இன்றும் முடியவில்லை.

திருக்கழுக்குன்றத்துச் சான்று

வென்றவர் தோற்றவரின் கனவைக் காப்பாரா என்பதே இக்கதையின் மையக் கேள்வி. ஒரு பேரரசர் அப்படி நடப்பாரா என்று ஐயுறுவோர் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், சுமார் 14 கி.மீ. தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டும்.

அங்குள்ள கல்வெட்டு ஒன்று இராஜகேசரி என்னும் சோழ மன்னரின் 27-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவர் முதலாம் ஆதித்த சோழர் என்பது அறிஞர் கருத்து. பல்லவர் ஆட்சியை வீழ்த்தித் தொண்டை நாட்டைச் சோழநாட்டோடு சேர்த்தவர் அவர். ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய மன்னன் இக்கோயிலுக்கு அளித்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அவ்வாறே காத்துவந்தார் என்றும், அந்த அறத்தை இராஜகேசரியும் புதுப்பித்தார் என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. வாதாபி கொண்ட அந்தப் போத்தரையர்தான் படத்தில் ரங்காராவ் ஏற்ற நரசிம்மவர்மர்.

கல்கியின் கதையில் பல்லவர் சோழரின் கனவைக் காக்கிறார். கல்வெட்டில், பல்லவரை வென்ற சோழர் பல்லவர் காத்த அறத்தைக் காக்கிறார். கோயில் நிலத்தைக் காப்பதும் ஒரு நாட்டைத் திருப்பித் தருவதும் ஒன்றல்ல. ஆயினும் தோற்ற குலத்தின் பெயரை அழிக்காமல், அவரது வெற்றிப் பெயரோடு கல்லில் பொறிக்க வென்றவர் தயங்கவில்லை.

பார்த்திபனை உண்மை மன்னனாக நம்பி மாமல்லபுரத்தில் அவன் சுவடு தேடும் மாணவர்கள் உண்டு. படத்தை ஒருமுறை மட்டும் பார்ப்பதால் நேரும் பிழை இது. மறுமுறை பார்த்து, திருக்கழுக்குன்றத்துக்கும் ஒருமுறை சென்று வந்தால், கற்பனை எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும்.