பேராடிகளின் காலத்தில் சிற்றாடிகள்

2017 ஆகஸ்டு 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதலில் எழுந்த ஈர்ப்பு அலையை லைகோ, விர்கோ கருவிகள் உணர்ந்தன. சுமார் 11 மணி நேரம் கழித்து அம்மோதலின் ஒளியை முதலில் கண்டது, சிலியின் லாஸ் கம்பனாஸ் மலையிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கி. அதன் ஆடியின் விட்டம் ஒரு மீட்டர்தான். 8.4 மீட்டர் ஆடிகள் ஏழினைக் கொண்ட மாபெரும் மகெல்லன் தொலைநோக்கி எழும்பிக்கொண்டிருப்பதும் அதே மலையில்தான். பேராடிகள் பெருகப் பெருக, ஒன்றிரண்டு மீட்டர்த் தொலைநோக்கிகளின் தேவை கூடவே செய்யும் என்பது என் வாதம்.

பேராடியின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்ல முடியாது. சிலியின் ஆர்மசோனஸ் மலையில் உருவாகும் ஐரோப்பியத் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 798 துண்டுகளால் ஆனது. விட்டம் 39 மீட்டர். இன்றைய எட்டு மீட்டர் ஆடியைவிட ஏறத்தாழ இருபது மடங்கு ஒளி திரட்டும். ஆனால் அதன் பார்வை 10 வில்நிமிடம், அதாவது முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒன்று. 2017 மோதல் நிகழ்ந்ததாகக் கணிக்கப்பட்ட வான்பரப்போ ஏறத்தாழ 30 சதுர பாகை. அதைத் துழாவ ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை திசைமாற்றிப் பார்க்க வேண்டும்.

துழாவத்தான் சிலியில் ரூபின் வான்காணகம் வந்துவிட்டதே என்பது நியாயமான மறுப்பு. 2025 ஜூனில் முதற்படங்களை வெளியிட்ட அதன் ஒளிப்படக் கருவி ஒரே படத்தில் 9.6 சதுர பாகையை அடக்கிவிடும். நான்கைந்து படங்களில் அந்தப் பரப்பு முழுதும் முடிந்திருக்கும். முதலில் காணும் பெருமையைச் சிற்றாடிகள் இனிப் பெரும்பாலும் இழக்கும், இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டபின் என்ன? ரூபினின் வழக்கமான அளவாய்வு ஓர் இடத்துக்குத் திரும்பிவரச் சில இரவுகள் ஆகும். 2017 மோதலின் நீல ஒளியோ ஓரிரு நாளிலேயே மங்கிவிட்டது. ஏறத்தாழ 16ஆம் பொலிவுத் தரத்தைவிடப் பிரகாசமான விண்மீன்கள் ரூபினின் கருவியைத் திகட்டச் செய்துவிடுகின்றன; அவற்றை அளக்கச் சிறிய ஆடியே பொருத்தம். ரூபின் இரவுதோறும் அனுப்பும் எச்சரிக்கைகளோ பல லட்சம். அவற்றுள் பொலிவானவற்றைத் தொடர்ந்து நோக்கி, நிறமாலை எடுத்து, எது வழக்கமான வெடிப்பு, எது புதியது என்று பிரித்தறிய நூற்றுக்கணக்கான இரவுகள் வேண்டும். 39 மீட்டர் ஆடியின் இரவுகளை அதற்குச் செலவிட எவரும் சம்மதிக்கமாட்டார்கள்.

இதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு: புவி சுழல்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது; அது இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த பகுதிகளுக்கே வாய்த்த காட்சி. பறக்கும் வான்காணகத்தில் இருந்த அமெரிக்கக் குழு அக்கோளின் வளையங்களைக் கண்டறிந்தது. அதே இரவில் சவ்வாது மலையின் காவலூரில், ஒரு மீட்டர்த் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளி சட்டென மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோள் என்று அவர்கள் முதலில் கருதியது பின்னர் வளையம் என்று விளங்கியது. விளக்கம் மாறினாலும் அளவீடு நின்றது. அந்த இரவில் உலகின் மிகப் பெரிய ஆடிகள் பல பகலொளியில் மூடிக் கிடந்தன. காவலூர் இருட்டில் இருந்தது.

இப்போது கட்டப்படும் பேராடிகளும் ரூபினும் சிலியிலேயே குவிகின்றன. அங்கே விடிந்து சில மணி நேரத்தில் லடாக்கின் ஹன்லேயில் இருட்டத் தொடங்கும். ஆகவே சிலியின் பகலில் மங்கிவிடக்கூடிய ஒளியை, அது ஹன்லேக்குத் தெரியும் திசையில் இருக்குமானால், 4500 மீட்டர் உயரத்திலுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியின் இரண்டு மீட்டர் ஆடி பிடித்துவைக்க முடியும். அதைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியே இயக்குவது பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோஸ்கோட்டே வளாகம். முப்பது மீட்டர்த் தொலைநோக்கிக்கான ஆடித் துண்டுகளை மெருகேற்றும் கூடமும் அதே வளாகத்தில்தான் அமைக்கப்பட்டது. கூடத்துக்குக் கிடைப்பதுபோலவே நிதி, ஹன்லேயின் இரவுக் காவலுக்கும் அதற்குப் புதிய நிறமாலைமானிகளுக்கும் கிடைக்க வேண்டும்.