கழிவுநீரில் விளைந்த வாழ்வு

கொல்கத்தாவின் கழிவுநீரை ஒரு காலத்தில் கடலுக்கு ஏற்றுச் சென்றது வித்யாதரி ஆறு. வண்டல் மேலிட்டு, 1928-இல் அது இறந்த ஆறென அறிவிக்கப்பட்டது. நகருக்குக் கிழக்கேயிருந்த உவர்நீர் ஏரிகளில் மீன் பிழைப்பும் உடன் நலிந்தது. மக்கள் செய்ததென்ன? கழிவுநீரையே அளவறிந்து, ஆழங்குறைந்த 'பேரி' என்னும் குளங்களில் பாய்ச்சினர். வெயிலில் பாசி செழித்தது, பாசியை மீன் உண்டது, நீரும் தெளிந்தது. (தாபாவின் காய்கறித் தோட்டங்கள் இதனினும் மூத்தவை.) நாம் ஏட்டில் கற்கும் சுத்திகரிப்பை அவர்கள் கைத்தொழிலாகவே கண்டனர்.

பொறியாளர் துருபஜோதி கோஷ் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். ஏரிகளைத் தூர்ப்பதற்கு 1992-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எனினும், பழைய வரைபடங்களில் பேரியென நாம் காணும் சில இடங்களில் இன்று வீடுகள் நிற்கின்றன. அங்கே வலை வீசியவர்கள் வேறு கூலி தேடிப் போயினர்.